தானாகத் திறக்கும் கதவு

என் வீட்டுக்காரர் வைத்திருந்த கார் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடியது. கூரை கிடையாது. மழை வந்தால் போட்டுக்கொள்ள ஒரு கான்வாஸ் துணி உண்டு. அதை விரித்துக் கம்பிகளில் மாட்டிப் பட்டன் எல்லாம் போட்டு முடிப்பதற்குள் மழை நின்றுவிடும். நீலகிரியில் தேயிலைத் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டி அது. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே இவர் அதை வாங்கியிருந்தார். என்னைப் பெண் பார்க்கவும் அதில்தான் வந்தார், தன் அக்காவை மட்டும் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு. மற்றவர்கள் எல்லாம் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கார் இருக்கிறது என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் எத்தனை பேர் உட்காரலாம் என்று அவரும் கேட்கவில்லை, கேட்டவர்களும் கேட்கவில்லை.

வேகமாக ஓட்டுவதற்கென்றே செய்த வண்டி. சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடக்குமே, அதில் இவர் இரண்டு தடவை ஓட்டியிருக்கிறார். இரண்டு தடவையும் எத்தனையாவதாக வந்தார் என்று நான் கேட்டதற்கு, "வண்டி நன்னா ஓடித்து" என்றார். அவரிடமிருந்து அவ்வளவுதான் வரும். தொழிற்சாலையில் இன்ஜினீயர் வேலை. பேசினால் ஆணி அடித்த மாதிரி ஒரு வார்த்தை, அப்புறம் மௌனம். நான் அதற்கு நேர் எதிர். எங்கள் வீட்டில் பேச்சு முழுக்க என் பொறுப்பு, கேட்பது அவர் பொறுப்பு என்று ஒரு மாதிரி பாகம் பிரித்துக்கொண்டு குடித்தனம் நடத்தினோம்.

அந்த வண்டிக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. வலது பக்கம் வேகமாக வளைத்தால் இடது பக்கக் கதவு திறந்துகொள்ளும். இடது பக்கம் உட்காருகிறவள் நான். முதல் தடவை அப்படித் திறந்தபோது நான் சரியாக மூடவில்லை என்று என்மேல்தான் பழி விழுந்தது. பிறகுதான் காரணம் சொன்னார். தீபாவளிக்கு வந்த ஸ்வீட் பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார். மூடி போட்டபடி இரண்டு பக்கமும் பிடித்து முறுக்கிக் காட்டினார், அசையவில்லை. மூடியை எடுத்துவிட்டு முறுக்கினார், பெட்டி வளைந்து கோணியது. கூரை இல்லாத கார் மூடி இல்லாத பெட்டி. கீழே இருக்கும் சேஸிஸ் என்கிற இரும்புச் சட்டம்தான் எல்லாவற்றையும் தாங்க வேண்டும். அதற்கு வயதாகிவிட்டது, வளைகிறது, வளைந்தால் கதவுக்கும் கம்பத்துக்கும் நடுவே இடைவெளி கூடிவிடுகிறது, தாழ்ப்பாள் நழுவிவிடுகிறது.

"அப்போ கதவுமேல தப்பு இல்லை?"

"கதவு என்ன பண்ணும், பாவம்" என்றார்.

அந்தக் கதவுக்கு நான் ஒரு கயிறு கட்டினேன். வளைவு வருவதற்கு முன்னால் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொள்வேன். சாந்தோம் வழியாகப் போய் அடையாறு தாண்டி எலியட்ஸ் பீச்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவது எங்கள் ஞாயிற்றுக்கிழமை. மயிலாப்பூரிலிருந்து கிளம்பி, கையில் மாட்டுக் கயிறு மாதிரி ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தலைமுடி பறக்க நான் போவதைப் பார்த்துத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பாகத்தான் இருக்கும். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பெண் பிறந்தாள். கைக்குழந்தையாக இருந்தவரை கார் சவாரி இல்லை. நடக்க ஆரம்பித்ததும் அவளும் எங்களோடு வந்தாள். இரண்டு இருக்கைக்கும் நடுவே ஒரு மேடு இருக்கும், கீழே கியர் பாக்ஸ். அதன்மேல் துண்டை நான்காக மடித்துப் போட்டால் அதுதான் அவள் சிம்மாசனம். அவள் அப்பாவுக்குப் பெண் இல்லை, எனக்குத்தான் பெண். வாய் ஓயாது. வளைவு வருவதற்கு ரொம்ப முன்னாலேயே, "அம்மா, கதவு! கதவு!" என்று கத்துவாள். நேர் சாலையிலும் கத்துவாள். போலீஸ்காரர் திரும்பிப் பார்ப்பார்.

ஒரு ஞாயிறு, மேடு சுடுகிறது என்று சொல்லி என் மடியில் வந்து உட்கார்ந்துகொண்டாள். அடையாறு பாலத்துக்கு முன்னால் வரும் வளைவில் எதிரே ஒரு மாட்டுவண்டி குறுக்கே வர, இவர் வெடுக்கென்று வலது பக்கம் ஒடித்தார். கயிறு என் கையில் இல்லை. கதவு திறந்தது. குழந்தை வழுக்கி இடுப்பு வரை வெளியே போய்விட்டாள். நான் பாவாடையைக் கொத்தாகப் பிடித்தேன். நாடா அறுந்ததே தவிர, பிடி விடவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தினோம். அவளுக்கு முழங்கையில் கொஞ்சம் சிராய்ப்பு, அவ்வளவுதான். "அம்மா, நான் கத்த மறந்துட்டேன்" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நடுச்சாலையில் நின்றுகொண்டு கத்தினேன். "இந்தக் கதவு தானாத் திறக்காதுன்னு என்னிக்கு ஆறதோ, அன்னிக்குத்தான் நானும் கொழந்தையும் இதுல ஏறுவோம். அதுவரைக்கும் நீங்களும் உங்க வண்டியும் எங்கே வேணும்னாலும் போங்கோ!" என்று சொல்லிவிட்டுக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். அவர் பஸ்ஸுக்குப் பின்னாலேயே காலி வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். குழந்தை பஸ்ஸின் பின் ஜன்னலிலிருந்து அப்பாவுக்குக் கையாட்டிக்கொண்டே வந்தாள்.

மறுநாளே அவர் வேலையை ஆரம்பித்துவிட்டார். வீட்டுக்குப் பக்கவாட்டில் தகரம் போட்ட கொட்டகை இருந்தது. அதில் வண்டியை நிறுத்தி, இருக்கைகளைக் கழற்றி, தரைப் பலகைகளைப் பெயர்த்து, சேஸிஸை வெளியே கொண்டுவந்தார். அதை அவர் குழந்தைக்கு விளக்குவதை நான் கேட்டிருக்கிறேன். அப்போதுதான் அவள் பலகையில் எழுதப் பழகிக்கொண்டிருந்தாள். "ப எழுதத் தெரியுமோன்னோ? அதைப் படுக்க வெச்சா எப்படி இருக்கும்? ஒரு பக்கம் திறந்திருக்கும் இல்லையா? அதான் வளையறது. அந்தத் திறந்த பக்கத்தை ஒரு தகட்டை வெச்சு அடைச்சுட்டா பெட்டி ஆயிடும். அப்புறம் வளையாது." பின்பக்கம் ஸ்பிரிங் வில்லு மாட்டும் இடத்தில் விரிசல் வேறு இருந்தது. நடுவே பெருக்கல் குறி மாதிரி இரண்டு இரும்புகளைக் குறுக்கே கொடுக்க வேண்டும் என்றார். பெருக்கல் குறி என்றால் என்ன என்று அவள் கேட்க, அதையும் சொல்லிக்கொடுத்தார். என்னிடம் ஒரு வருஷத்தில் பேசுவதை அவளிடம் ஒரு சாயங்காலத்தில் பேசிவிடுவார்.

துருவைச் சுரண்டுவதற்கு அவள் என் தோசைத் திருப்பியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கேட்டால், "அம்மா, இது கதவு வேலை" என்பாள். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் ஒரே கேள்விதான். "அப்பா, கதவு சரியாயிடுத்தா?" அவர் சொல்வார், "ஆயிண்டே இருக்கு. ஆனதும் மகாபலிபுரம் போறோம். ஒரு தடவைகூடத் திறக்காது, பாரேன்."

ஐப்பசி மழையில் அவளுக்கு ஜுரம் வந்தது. முதல் நாள் சாதாரண ஜுரம் என்றார்கள். அப்புறம் மூளைக் காய்ச்சல் என்றார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை, ஆடிக்கொண்டே இருந்தது. அதைத் தவிர அந்த நாட்களில் வேறு எதையும் நினைவுக்குக் கொண்டுவர நான் இஷ்டப்படுவதில்லை. அந்த வாரம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

சின்னக் குழந்தைக்குப் பெரிதாகக் காரியம் எதுவும் கிடையாது என்று சாஸ்திரிகள் சொல்லிவிட்டார். மூன்று நாளில் தீட்டுக் கழிந்தது, வந்தவர்கள் கிளம்பிவிட்டார்கள். பெரியவர்கள் போனால் பதின்மூன்று நாள் வீடு நிறைய ஜனம் இருக்கும், அழுவதற்காவது துணை இருக்கும். குழந்தை போனால் வீடு சீக்கிரமே காலியாகிவிடுகிறது. எனக்கு அது அப்போது பெரிய அநியாயமாகப் பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது.

நான் அழுதேன், கத்தினேன், பூஜை அறையைச் சாத்திப் பூட்டினேன். இவர் எதுவும் செய்யவில்லை. காபி குடித்தார், ஆபீஸ் போனார், வந்தார். அவள் பெயரை நான் சொன்னால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார். நான் பின்னாலேயே போய் இன்னும் சத்தமாகச் சொல்வேன். வாசலுக்குப் போய்விடுவார். ஒரு பெண்டாட்டி புருஷனை இப்படித் துரத்தலாமா என்று கேட்காதீர்கள். எனக்கு அவளைப் பற்றிப் பேச உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அவர் வாயைத் திறக்க மாட்டேன் என்றார். குழந்தை போனாள், இவரும் என் கண்ணெதிரிலேயே போய்க்கொண்டிருக்கிறார் என்று பயந்தேன். அந்தப் பயம் துக்கத்தைவிடப் பெரியதாக இருந்தது.

அவர் அக்கா ஒரு நாள் வந்து, "அந்தக் காரை முதல்ல வித்துத் தொலைடா. அதைப் பாத்துண்டே இருந்தா எப்படி?" என்றார். இவர் மறுநாள் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுச் சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனார். சாயங்காலம் ஒரு கைவண்டியில் காஸ் சிலிண்டரையும் கார்பைடு டிரம்மையும் ஏற்றிக்கொண்டு ஒரு வெல்டிங்காரர் எங்கள் சந்துக்குள் நுழைந்தார்.

அவர் பெரிய தொந்தியும் பெரிய குரலுமாக இருந்தார். கொட்டகைக்குள் எட்டிப் பார்த்து, "இன்னா சார், வண்டின்னு சொன்ன, எலும்புக்கூடு கீது?" என்றார். பேசிக்கொண்டே வேலை செய்வார், வேலை செய்யாதபோது இன்னும் அதிகமாகப் பேசுவார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. பல வாரங்களாக வீட்டில் என் குரலைத் தவிர வேறு மனிதக் குரல் கேட்கவில்லை. கார்பைடு நாற்றம் அடுப்பங்கரை வரை வந்தது. பக்கத்து வீட்டில் முகத்தைச் சுளித்தார்கள். நான் பொறுத்துக்கொண்டேன். இந்த வண்டி ஒரு நாள் முடியும், முடிந்தால் இவர் கொட்டகையிலிருந்து வீட்டுக்குள் வருவார், என்னோடு உட்கார்ந்து அழுவார் என்று நான் எனக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

தை முழுக்கத் தகடு வெட்டுவதும் வளைப்பதும் துளை போடுவதுமாகப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் வெல்டிங்காரர் வருவார். ஒரே இடத்தில் தொடர்ந்து பற்றவைத்தால் சூட்டில் சட்டம் இழுத்துக்கொள்ளும் என்று இங்கே ஒரு விரல் நீளம், அங்கே ஒரு விரல் நீளம் என்று மாற்றி மாற்றி வைக்கச் சொல்வார் இவர். "பொட்டு வெக்கிற மாரி வெக்கச் சொல்றியே சார்" என்று அவர் சிரித்துக்கொண்டே வைப்பார். "ப"வின் திறந்த பக்கம் நீளத்துக்கும் அடைபட்டுக்கொண்டு வந்தது.

மாசியில் ஒரு ஞாயிறு காலை, நான் தலை குளித்து ஈரத் துண்டோடு நின்றுகொண்டிருந்தேன். இவர் கொல்லைக் கதவருகே வந்து நின்று, "நீ செத்த வந்து வண்டில உட்காரணும்" என்றார். அவராக என்னிடம் வந்து ஒன்று கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. ஏன், எதற்கு என்று கேட்காமல் அப்படியே போனேன்.

வெல்டிங்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். "இன்னா சார் இது, வூட்டம்மாவ மேல குந்த வெச்சிக்கினு கீய நெருப்பு வெக்க சொல்ற? எந்த ஊர்ல சார் இப்டி பண்றாங்கோ?"

இவர் பொறுமையாகச் சொன்னார். சும்மா நிற்கும்போது சட்டம் ஒரு வடிவத்தில் இருக்கிறது, ஆள் ஏறினால் வேறு வடிவத்துக்குப் போகிறது. பற்றவைக்கும்போது எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதுதான் இனி நிரந்தரம். அதனால், ஓடும்போது எவ்வளவு பாரம் இருக்குமோ அவ்வளவு பாரத்தை ஏற்றிவைத்துக்கொண்டுதான் கடைசிப் புள்ளிகளை வைக்க வேண்டும். பெட்ரோல் டாங்க்கைக் கழற்றித் தெருக்கோடியில் வைத்தாயிற்று, தரையில் ஈரச் சாக்கு விரித்தாயிற்று, பயப்பட ஒன்றுமில்லை. அத்தனை நீளமாக அவர் பேசி நான் கேட்டது ஐப்பசிக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

நான் இடது பக்கம் ஏறி, இருக்கைக்குப் பதிலாகப் போட்டிருந்த பலகையில் உட்கார்ந்தேன். இவர் வலது பக்கம் வந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். எங்கள் நடுவே, மேட்டின்மேல், துண்டை நான்காக மடித்துப் போட்டு, அதன்மேல் ஒரு சாக்கு மூட்டை வைத்துக் கட்டியிருந்தது. எங்கள் வீட்டு அரிசிச் சாக்கு. மூட்டைவாய் சணலால் இறுக்கித் தைத்திருந்தது.

வெல்டிங்காரர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "ரெண்டு சீட்டு வண்டில மூணாவது ஆளு யாரு சார் இது?"

இவர் சிரிக்கவில்லை. "ஆமா, மூணு பேர்" என்றார். "அசையப்படாது" என்று என்னிடம் சொன்னார். கீழே நெருப்பு சீறிற்று.

வெல்டிங்காரர் சட்டத்தைச் சுத்தியலால் தட்டினார். அந்த அதிர்வில் மூட்டை மெல்லச் சரிந்து என் விலாவில் சாய்ந்தது. நான் பிடித்து நேராக நிறுத்தக் கை போட்டேன். போட்ட கை அப்படியே நின்றுவிட்டது.

அவள் போவதற்கு முன் வந்த கோடையில்தான் நாங்கள் குருவாயூர் போய் வந்திருந்தோம். மூன்று வயதில் அவளுக்குக் கக்குவான் இருமல் வந்து மூச்சு நின்று நின்று வந்தபோது, பிழைத்தால் எடைக்கு எடை வெல்லம் கொடுப்பதாக நான் வேண்டிக்கொண்டேன். தராசின் ஒரு தட்டில் அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இன்னொரு தட்டில் வெல்லத்தைப் போட்டுக்கொண்டே வந்தார்கள். தட்டு மேலே எழும்பியதும் அவள் கை தட்டினாள். எத்தனை கிலோ என்று தேவஸ்தானத்து ஆள் உரக்கச் சொன்னார். அந்த எண் எனக்கு மறக்கவில்லை, இங்கே எழுதவும் மனசில்லை. இவரும் அதை மறக்கவில்லை என்று எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

எந்தத் தாய்க்கும் தன் குழந்தையின் கனம் தெரியும். எண் வேண்டாம், தராசு வேண்டாம். இடுப்புக்குத் தெரியும், விலாவுக்குத் தெரியும். தூக்கத்தில் அவள் என்மேல் சாயும்போது எப்படிச் சாய்வாளோ, அப்படிச் சாய்ந்திருந்தது மூட்டை.

எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. ஓட முடியாது. நான் அசைந்தால் பாரம் மாறும், சட்டம் மாறும், மாதக்கணக்கில் அவர் செய்தது கெட்டுவிடும். அழவும் முடியாது, அழுதால் உடம்பு குலுங்கும். பல்லைக் கடித்துக்கொண்டு, அரிசி மூட்டையை அணைத்துக்கொண்டு, கொட்டகைத் தகரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். இவர் முன் கண்ணாடி வழியாக, எதிரே இருந்த செங்கல் சுவரை, சாலையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் மூன்று பேரும் எங்கோ போய்க்கொண்டிருக்கிறோம் என்று பார்க்கிறவர்கள் நினைத்திருப்பார்கள். கீழிருந்து சூடு ஏறியது. முடிந்தது என்று வெல்டிங்காரர் கத்தியதும் நான் இறங்கி, குளியல் அறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு வெல்டிங்காரர் சமையலறை வாசலில் வந்து நின்றார். எங்கள் பால்காரி குழந்தை போனதைச் சொல்லியிருக்கிறாள். "தெரியாம பேசிட்டம்மா. மனசுல வெச்சிக்காதே" என்றார். அந்தப் பெரிய குரல் உள்ளே போயிருந்தது. நான் காபி கொடுத்தேன். அவர் வராந்தாவில் உட்கார்ந்து குடித்துவிட்டு, அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

வண்டி தயாராயிற்று. இருக்கைகள் ஏறின, தரைப்பலகை ஏறியது. இவர் தனியாக ஒரு நடை அடையாறு வரை போய் வந்தார். கதவு திறக்கவில்லை. மறுநாளும் போனார், அதற்கு மறுநாளும் போனார். ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்த மூட்டையை நடுவில் வைத்துக் கட்டிக்கொண்டு போனார். நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். போட்டு வைத்திருந்த கணக்கு தப்பாகிவிட்டது என்று எனக்குப் புரிந்தது. வண்டி முடிந்தும் இவர் வீட்டுக்குள் வரவில்லை. முன்பாவது கொட்டகையில் இருந்தார், இப்போது மூட்டையோடு வெளியே போய்விடுகிறார்.

ஒரு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். "கதவு சரியாயிடுத்து. ஏறேன். நீ சொன்னியே" என்றார்.

இறங்கி வந்தேன். நடுவில் மூட்டை உட்கார்ந்திருந்தது.

"இது எதுக்கு இன்னும்?"

"அது இல்லாட்டா கதவு சரியா உட்காராது. அந்த வெயிட்டுக்குத்தான் செட் ஆயிருக்கு."

அவரே அதை நம்பவில்லை. இன்ஜினீயருக்குத் தெரியாதா? அவ்வளவு சின்னப் பாரத்துக்கு அத்தனை பெரிய இரும்பு ஒரு முடியளவுகூட அசையாது என்று பின்னாளில் என் தம்பி மகன் சொன்னான். அது எனக்கு அப்போதே தெரியும், படிக்காமலே தெரியும். "இதோட நான் வரமாட்டேன்" என்றேன். அவர் தனியாகப் போனார்.

பங்குனி வெயிலில் கொட்டகைக்குள் தகரம் காய்ந்தது. விளக்குமாறு எடுக்கப் போனவள், மூட்டையின் மேல் வண்டு ஊர்வதைப் பார்த்தேன். அரிசிக்கு வண்டு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். அது ஒன்றுதான் அப்போது எனக்குத் திடமாகத் தெரிந்த விஷயம். ரேஷன் கடை வாசலில் ஊரே நிற்கிற காலம், அரிசியைக் கெட்டுப்போக விடுகிற வழக்கம் எங்கள் இரண்டு வீட்டிலும் கிடையாது. கயிற்றை அவிழ்த்தேன். மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். வேறு எப்படியும் அதைத் தூக்க எனக்கு வரவில்லை. மாடிப்படி ஏறி மொட்டைமாடிக்குப் போனேன். பழைய புடவை ஒன்றை விரித்து, சணலை அறுத்து, அரிசியைக் கொட்டிக் கையால் பரப்பினேன்.

அது ஞாயிற்றுக்கிழமை. அவர் கொட்டகைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓடி வந்தார். கத்தப்போகிறார் என்று காத்திருந்தேன். கத்தினால் நானும் கத்தத் தயாராக இருந்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு புடவையின் ஓரத்தில் நின்றார். பரப்பின அரிசி புடவையில் பாதிகூட இல்லை. ஒரு காக்கை வந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தது. அவர் அதை விரட்டவில்லை. அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவுதானா இருந்தா?" என்றார்.

நான் காக்கையை விரட்டினேன். "இவ்வளவுதான் இருந்தா. வெல்லம்கூட இவ்வளவுதான் இருந்தது."

அவர் மெல்ல உட்கார்ந்தார். வெயிலில், தரையில், வேட்டியோடு. கையில் கொஞ்சம் அரிசியை அள்ளி, வண்டைப் பொறுக்குவது போல விரலால் தள்ளிக்கொண்டே பேசினார்.

"அதைவிட ஒரு படி கூடப் போட்டேன்."

"ஏன்?"

"அது கோடைல எடுத்த வெயிட். வண்டி தயாராக மாசி ஆயிடுத்தே. அதுக்குள்ள வளந்திருப்பாளோல்லியோ."

சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் உடைந்துவிட்டது. அப்படி ஓர் அழுகையை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. அவள் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். நான் அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். நானும் அழுதேன். காக்கைகள் வந்து ஓரத்தில் கொத்தித் தின்றன. கொஞ்ச நேரம் தின்னட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெயில் தாழ்ந்ததும் இரண்டு பேருமாக எதிரெதிரே உட்கார்ந்து அரிசியை முறத்தில் புடைத்து, வண்டு போக்கினோம். அவருக்குப் புடைக்கத் தெரியாது, பாதியைக் கீழே சிந்தினார். அவர் பேசிக்கொண்டே இருந்தார். அவள் துரு சுரண்டும்போது என்ன சொல்வாள், என் தோசைத் திருப்பியை எங்கே ஒளித்து வைத்தாள், மகாபலிபுரத்தில் கடல் எந்தப் பக்கம் இருக்கும் என்று எத்தனை முறை கேட்டாள் என்று எனக்குத் தெரியாத எவ்வளவோ விஷயங்களைச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அரிசியைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தோம். எல்லாவற்றையும் டின்னில் கொட்டுவதற்கு முன்னால் நான் படியை எடுத்து, கோபுரமாக ஒரு படி அளந்து தனியாக எடுத்து வைத்தேன். அவர் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அந்த ஒரு படியைத்தான் வடித்தேன். இரண்டு பேருக்கு அது ரொம்ப அதிகம். மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாளும் சாப்பிட்டோம்.